காற்றில் முட்டிக்கொள்ளாமல் பேச: லோரா அட்-ஹாக் வலையமைப்பு தொடங்குபவர்களுக்கு

லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ முறை. மேசைமேல் இரண்டு லோரா பலகைகளை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். நூற்றுக்கு நூறு போய்ச் சேரும். அதே நிரலை முப்பது பலகைகளில் ஏற்றி வெளியில் பரப்பி வைத்தால் பாதிச் செய்தி காணாமல் போகலாம். உடனே எல்லாருடைய சந்தேகமும் ஆன்டெனா மேல்தான் விழும். அதை மாற்றுவார்கள், அப்புறம் டிரான்ஸ்மிட் பவரைக் கூட்டுவார்கள். பல சமயம் இழப்பு இன்னும் கூடும். காரணம், செய்திகள் எட்டாமல் போகவில்லை. இரண்டு நோடுகள் (வலையமைப்பில் இருக்கும் பலகைகள்) ஒரே நேரத்தில் பேசியதால் கெட்டுப்போயின.

அட்-ஹாக் வலையமைப்பில் ரவுட்டரோ டவரோ கிடையாது. யார் எப்போது பேசலாம் என்று முறை வைத்துக் கொடுக்க ஆளில்லை; ஒவ்வொரு நோடும் தானே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எப்படி எடுக்க வைப்பது என்பதுதான் இங்கே விஷயம். உதாரணங்களை லோராவிலிருந்தே எடுக்கிறேன். மலிவு, மெதுவானது, ஒவ்வொரு மோதலையும் எண்ணிப் பார்க்க முடியும். வைஃபை அட்-ஹாக், இஎஸ்பி-நவ் (இஎஸ்பி பலகைகள் ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் முறை) வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன்: மோதல் எங்கே நடக்கிறது

ஒரு மேடு. கிழக்குச் சரிவில் நோடு 1, மேற்குச் சரிவில் நோடு 3, உச்சியில் நோடு 2. உச்சியில் இருப்பதற்கு இரண்டும் கேட்கும். 1-க்கும் 3-க்கும் நடுவே மண்மேடு இருப்பதால் ஒன்றுக்கொன்று கேட்காது. 1 பேசிக்கொண்டிருக்கும்போது 3 காது கொடுத்துக் கேட்டாலும் அமைதியாகத்தான் இருக்கும். சரி, சேனல் காலி என்று அதுவும் பேசத் தொடங்கும். இரண்டு அலைகளும் 2-இல் போய் முட்டும். அனுப்பிய இருவருக்கும் எதுவும் தெரியாது.

இதுதான் மறைந்த நோடு சிக்கல். 1975-இலேயே டொபாகி, க்ளைன்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இதிலிருந்து ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: மோதல் நடப்பது கேட்பவரிடம், அனுப்புபவரிடம் அல்ல. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதையொட்டியே நிற்கிறது. கம்பி ஈதர்நெட்டில் செய்ததுபோல அனுப்பிக்கொண்டே மோதலைக் கண்டுபிடிக்கலாமே என்றால், முடியாது. இந்தச் சிப்புகள் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் மாட்டா. அப்படியே கேட்டாலும், தன் ஆன்டெனாவிலிருந்து 14 டிபிஎம்-இல் (சிக்னல் வலுவின் அளவு) கிளம்பும் சத்தத்தில் தொலைவிலிருந்து வரும் மைனஸ் 120 டிபிஎம் சிக்னல் அமுங்கிப் போகும்.

1. மோதல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஒவ்வொரு செய்தியிலும் நோடு எண்ணும் வரிசை எண்ணும் இருக்கட்டும். பெறும் பக்கத்தில் இவற்றோடு ஆர்எஸ்எஸ்ஐ (வந்த சிக்னலின் வலு), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட வலு), சிஆர்சி பிழை (செய்தி கெட்டு வந்ததன் அடையாளம்) மூன்றையும் பதிவு செய்யுங்கள். வரிசை எண்ணில் விழும் ஓட்டைதான் இழப்பு.

பிறகு ஒரு எளிய சோதனை. 1-ஐ மட்டும் ஓடவிட்டு 500 செய்தி அனுப்புங்கள். அதை அணைத்துவிட்டு 3-ஐ மட்டும் ஓடவிடுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து. தனித்தனியாக நன்றாக வந்து, சேர்த்தால் மட்டும் விழுந்தால் அது மோதல். தனியாகவே விழுந்தால் தூரமோ ஆன்டெனாவோதான் பிரச்சினை. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. லோராவில் மோதும் இரண்டில் ஒன்று ஏறத்தாழ 6 டெசிபல் வலுவாக இருந்தால், அது பிழைத்துக்கொள்ளும், மற்றது சாகும். அதனால் இழப்பு எல்லார்மேலும் சமமாக விழாது. பக்கத்து நோடு எப்போதும் ஜெயிக்கும், தூரத்து நோடு எப்போதும் தோற்கும். மொத்தச் சராசரியைப் பார்த்தால் 85% என்று நன்றாகவே தெரியும். நோடு வாரியாகப் பிரித்தால் இரண்டு நோடுகள் கிட்டத்தட்டச் செத்துக் கிடக்கும். எனவே நோடு வாரியாகவே பாருங்கள். எல்லா நோடிலும் பவரைக் கூட்டுவது ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் இதில் புரியும்: வித்தியாசம் அப்படியே இருக்கும், முன்பு கேட்காத தூரத்திலும் இப்போது இடைஞ்சல் கேட்கும். கூட்டுவதைவிட, பக்கத்தில் இருப்பவற்றின் பவரைக் குறைப்பது பல இடங்களில் நல்ல பலன் தரும்.

கையில் ஆர்டிஎல் எஸ்டிஆர் குச்சி (கணினியில் செருகும் மலிவான ரேடியோ ரிசீவர்) ஒன்று இருந்தால் 865 மெகாஹெர்ட்ஸில் வைத்து, சிக்னல்களை நேரவாரியாகக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு லோரா செய்தியும் சாய்ந்த கோடுகளின் கட்டாக ஓடும். இரண்டு கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பின்னிக்கொள்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அந்தக் குச்சிக்கு எட்டாது.

2. குறைவாகப் பேசுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள்

பலரும் இதைத் தாண்டி நேராக நெறிமுறைகளுக்கு ஓடுகிறார்கள். என் பார்வையில் அதிகப் பலன் கிடைக்கும் இடம் இதுதான், கூடவே செலவே இல்லாததும். அதனால் கணக்கோடு பார்க்கலாம்.

ஒரு செய்தி காற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஏர்டைம் என்கிறோம். 20 பைட் செய்தி, 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், வழக்கமான மற்ற அமைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சுருக்கமாக எஸ்எஃப்; கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) 7-இல் அது 57 மில்லிசெகண்ட். அதே செய்தி 12-இல் 1.32 செகண்ட். இருபது மடங்குக்கும் மேல்.

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு தீவுகளை இணைக்க அலோஹா வலையமைப்பை ஓட்டியது. அதன் விதி ஒன்றுதான்: தோன்றியபோது அனுப்பு, பதில் வராவிட்டால் ரேண்டமாகக் காத்திருந்து மறுபடி அனுப்பு. இப்படி விட்டால் ஒரு சேனலின் திறனில் அதிகபட்சம் 18% தான் உருப்படியாகப் பயன்படும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் அனுப்பும் லோரா நிரல் ஒவ்வொன்றும் இன்றைக்கும் அலோஹாதான். அலோஹாவின் கணக்கில் நம் எண்களைப் போடுங்கள். முப்பது நோடுகள், நிமிடத்துக்கு ஒரு செய்தி. எஸ்எஃப்7-இல் ஒரு செய்தி மோதாமல் தப்பும் வாய்ப்பு 94% அளவு. எஸ்எஃப்12-இல்? 27% தான். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

வலுவான சிக்னல் மோதலிலும் பிழைப்பதால் நிஜத்தில் நிலைமை இதைவிடச் சற்று மேல். ஆனாலும் முடிவு மாறாது. தூரம் எட்ட வேண்டும் என்று எடுத்த எடுப்பில் எஸ்எஃப்12-ஐப் போடாதீர்கள். 7-இலிருந்து தொடங்கி, எட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 2.5 டெசிபல், ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் கட்டினால் அதைவிட அதிகமாகவே கிடைக்கக்கூடும், அதற்கு ஏர்டைம் செலவு கிடையாது.

செய்தியின் நீளத்தையும் கவனியுங்கள். ஜேசன் வடிவில் வெப்பம், ஈரம், மின்கலம் என்று பெயரோடு எழுதி அனுப்புபவர்கள் நிறைய. 28.4 டிகிரியை 284 என்று இரண்டு பைட்டில் அனுப்பலாம். எழுபது எண்பது பைட் ஆறேழு பைட்டாகச் சுருங்கும். மதிப்பு மாறாதபோது அனுப்பாமலே இருக்கலாம். மணிக்கொரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொன்னால் போதும்.

இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் இயக்கலாம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு 868.0 முதல் 868.6 வரையுள்ள பகுதியில், பேசும் நேரத்துக்கு 1% வரம்பு பொதுவாகப் பொருந்தும், அதாவது மணிக்கு 36 செகண்ட். மேலே சொன்ன எஸ்எஃப்12 செய்தியில் மணிக்கு 27-தான் அனுப்பலாம். சட்டமே உங்களைச் சுருக்கமாகப் பேச வைக்கும்.

3. கடிகாரங்கள் ஒத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கரண்ட் போய் வருகிறது. அடாப்டரில் ஓடும் எல்லா நோடுகளும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே நிரல்: தொடங்கு, அனுப்பு, 60 செகண்ட் தூங்கு. முதல் செய்தி மோதும். இரண்டாவதும் மோதும். எப்போது விலகும்?

பலகையின் கடிகாரத்தை ஓட்டும் மலிவான கிரிஸ்டல் ஒன்றின் பிழை பத்து லட்சத்துக்கு 20 அளவு. ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் ஓடினால் வித்தியாசம் 40. நிமிடத்துக்கு 2.4 மில்லிசெகண்ட்தான் விலகும். ஒரே சமயத்தில் தொடங்கிய இரண்டு 57 மில்லிசெகண்ட் செய்திகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகவே 24 நிமிடம் ஆகும். வேறு ஒரு நாள் பின்னாலிருந்து நெருங்கி, உரசி, தாண்டிப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஒன்றுகூட வராது. அப்புறம் தானாகச் சரியாகிவிடும். ‘காலையில் ஒரு மணி நேரம் நின்றது சார், நான் எதுவும் தொடவில்லை, வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் கதை இதுதான். கிரிஸ்டல்கள் இன்னும் நெருக்கமாக ஒத்துப்போனால் காத்திருப்பும் நீளும்.

மருந்து எளிது. நோடு உயிர்பெற்றதும் 0 முதல் 60 செகண்டுக்குள் ரேண்டமாக ஒரு நேரம் காத்திருக்கட்டும். பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் பத்து சதவீதம் முன்பின் ஆக்குங்கள். ஜிட்டர் என்று இதைச் சொல்வார்கள். மொபைல் அட்-ஹாக் வலையமைப்புகளுக்கு இதை எப்படிச் செய்வது என்று 2008-இல் ஆர்எஃப்சி 5148 என்ற தனி ஆவணமே வந்திருக்கிறது. அட்-ஹாக் வலையமைப்பில் பாதை கண்டுபிடிக்கும் ஓஎல்எஸ்ஆர் என்ற ரவுட்டிங் முறையில், 2 செகண்டுக்கு ஒருமுறை போகும் ஹலோ செய்திக்கு அரை செகண்ட் வரை ஜிட்டர் விடுவார்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ போன்ற ஏவிஆர் பலகைகளில் ரேண்டம் ஃபங்ஷனுக்கு விதை (தொடக்க எண்) கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், ஒவ்வொரு பலகையிலும், அதே வரிசையில் அதே எண்கள்தான் வரும். முப்பது நோடும் ‘ரேண்டமாக’ 17 செகண்ட் காத்திருந்து, ஒன்றாக மோதும். காலியான அனலாக் பின்னைப் படித்து விதையாக்கும் பழக்கம் பரவலாக உண்டு. ஒரே மாதிரிப் பலகைகளில் அது அடுத்தடுத்த எண்களையே தரும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நோடு எண்ணையும் கலந்து விதையாக்குங்கள். இஎஸ்பி32-இல் வன்பொருள் ரேண்டம் உண்டு, கவலை குறைவு.

4. பேசும் முன் கேளுங்கள், ஆனால் சரியான காதால்

ஆர்எஸ்எஸ்ஐ-யைப் படித்து, குறைவாக இருந்தால் அனுப்பு என்று எழுதுவது லோராவில் பயன் தராது. லோரா சிக்னல் இரைச்சலுக்குக் கீழேயே ஓடக்கூடியது: எஸ்எஃப்7-இல் இரைச்சலைவிட 7.5 டெசிபல் கீழே இருந்தாலும், எஸ்எஃப்12-இல் 20 டெசிபல் கீழே இருந்தாலும் படித்துவிட முடியும். சேனலில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், ஆர்எஸ்எஸ்ஐ வெறும் இரைச்சலைத்தான் காட்டும்.

அதற்காகத்தான் இந்தச் சிப்புகளில் சிஏடி என்ற வசதி இருக்கிறது. லோராவின் சாய்ந்த அலை இருக்கிறதா என்று ஏறத்தாழ இரண்டு சிம்பல் (லோரா அலையின் ஒரு துண்டு) நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடும். ரேடியோலிப் நூலகத்தில் சேனலை ஸ்கேன் செய்யும் ஃபங்ஷன் இதைத்தான் செய்கிறது. பழைய எஸ்எக்ஸ்1276 சிப், செய்திக்கு முன்னால் போகும் ப்ரீயாம்பிளை மட்டுமே நம்பகமாகப் பிடிக்கும். எஸ்எக்ஸ்1262 நடுவில் போகும் தரவையும் பிடிக்கும். புதிதாக வாங்குபவர்கள் இரண்டாவதையே வாங்குங்கள்.

சேனலில் ஆள் இருந்தால் என்ன செய்வது? அவர் முடிக்கும் வரை காத்திருந்து உடனே அனுப்பாதீர்கள். உங்களைப்போலவே இன்னும் இரண்டு பேர் அதே நொடிக்காகக் காத்திருப்பார்கள். சேனல் காலியாகும் அந்தக் கணம்தான் மிக ஆபத்தான கணம். 0 முதல் 7 வரை ரேண்டமாக ஒரு எண் எடுங்கள், அத்தனை ஸ்லாட் தள்ளி நின்று, மறுபடி கேட்டு, காலி என்றால் அனுப்புங்கள். ஒரு ஸ்லாட் என்பது சிஏடி முடியும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும்: எஸ்எஃப்7-இல் 5 முதல் 10 மில்லிசெகண்ட், எஸ்எஃப்12-இல் 100 அளவு. வைஃபையும் இதையேதான் செய்கிறது, மைக்ரோசெகண்டில். 5 கிகாஹெர்ட்ஸில் ஸ்லாட் 9 மைக்ரோசெகண்ட், எண் 0–15-க்குள் தொடங்கி, தோற்கத் தோற்க 1023 வரை விரியும்.

5. ஒப்புகையும் மறுமுயற்சியும்

முக்கியமான செய்திக்கு மட்டும் ஒப்புகை (‘கிடைத்தது’ என்ற பதில்) கேளுங்கள். எல்லாவற்றுக்கும் கேட்டால் சேனலில் போக்குவரத்து இரட்டிப்பாகும். எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்டுக்கு ஒப்புகை கேட்கவே கூடாது. கேட்ட அத்தனை பேரும் ஒரே நொடியில் பதில் சொல்வார்கள். வைஃபையிலும் இஎஸ்பி-நவ்விலும் பிராட்காஸ்டுக்கு ஒப்புகை கிடையாது.

ஒப்புகை வரவில்லையா? காத்திருக்கும் வரம்பை இரட்டிப்பாக்கி, அதற்குள் ரேண்டமாக ஒரு நேரத்தில் அனுப்புங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வெப்பநிலை போன்ற அளவீட்டுக்கு மறுமுயற்சியே தேவையில்லை, அடுத்த நிமிடம் புதியது வரப்போகிறது. காத்திருக்காமல் உடனுக்குடன் மறுபடி அனுப்பும் நிரல், சேனல் நெரிசலாகும்போதுதான் அதிகமாகக் கத்தும். ஒரே ஒரு நோடு அப்படி இருந்தாலும் மொத்த வலையமைப்பும் படுத்துவிடும்.

6. மேட்டுக்கு இரு பக்கமும் இருக்கும் நோடுகள்

இத்தனை செய்தும் 1-உம் 3-உம் ஒன்றையொன்று கேட்கப்போவதில்லை. 1990-இல் ஃபில் கார்ன், அமெச்சூர் ரேடியோ பாக்கெட் வலையமைப்புகளுக்காக எம்ஏசிஏ என்ற முறையை முன்வைத்தார். 1 முதலில் ‘பேசலாமா’ என்று ஒரு குட்டிச் செய்தி அனுப்பும். 2 ‘பேசு, இவ்வளவு நேரம்’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில் 3-க்கும் கேட்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். கேட்டவுடன் அது வாயை மூடிக்கொள்ளும். கேட்பவரே சேனலைப் பிடித்துக் கொடுக்கிறார். வைஃபையில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்று இருப்பது இதுவே.

வைஃபை அட்-ஹாக்கில் பெரிய செய்திகள் அனுப்புபவர்கள் ஆர்டிஎஸ் த்ரெஷோல்டை (எத்தனை பைட்டுக்கு மேல் அனுமதி கேட்க வேண்டும் என்ற வரம்பு) பாருங்கள். பெரும்பாலும் 2347 என்று இருக்கும், அதாவது அணைந்திருக்கிறது. 500 அளவுக்கு இறக்கிச் சோதித்துப் பாருங்கள். பிராட்காஸ்டுக்கு இது உதவாது.

லோராவில் சின்னச் செய்திகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 பைட் கேள்விக்கே எஸ்எஃப்7-இல் 36 மில்லிசெகண்ட் ஆகிறது, பதிலுக்கு இன்னொரு 36. உள்ளே போகும் செய்தியோ 57-தான். சீட்டு வாங்கும் செலவு பயணச் செலவைவிட அதிகம்.

7. அப்படியானால், முறை வைத்துக்கொள்ளுங்கள்

நோடுகள் இடம் மாறாத சென்சார் வலையமைப்பு என்றால், மறைந்த நோடுக்கு நேர்த்தியான தீர்வு நேரத்தைப் பங்கு போடுவது. புதியவர்கள் இதைக் கடினம் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். லோராவின் வேகத்துக்கு அது மிகச் சுலபம்.

முப்பது நோடு, அறுபது செகண்ட். ஆளுக்கு இரண்டு செகண்ட். நோடு எண்ணே அதன் ஸ்லாட் எண். எஸ்எஃப்7-இல் 57 மில்லிசெகண்ட் பேச்சை ஸ்லாட்டின் நடுவில் வையுங்கள், இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரு செகண்ட் காலி. ஒரு நோடு மணிக்கொருமுறை பீக்கன் (நேரம் சொல்லும் செய்தி) அனுப்பட்டும், எல்லாரும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு கிரிஸ்டல்களுக்கு நடுவே விழும் வித்தியாசம் 144 மில்லிசெகண்ட். ஸ்லாட்டில் இருக்கும் காலி இடத்துக்கு அது ஒன்றுமேயில்லை. நான்கைந்து பீக்கன்களைத் தவறவிட்டாலும் தாங்கும். ஜிபிஎஸ் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. கிரிஸ்டலுக்குப் பதில், துல்லியம் குறைந்த செராமிக் ரெசனேட்டர் வைத்த பலகைகளில் மட்டும் பீக்கனை அடிக்கடி அனுப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பீக்கன் நேரடியாக எட்டாத நோடுகளுக்கு அதை இன்னொருவர் கடத்த வேண்டும். கடத்தும்போது தன்னிடம் தங்கிய நேரத்தையும் செய்தியில் சேர்த்து அனுப்ப வேண்டும். புதிதாகச் சேரும் நோடுக்காகவும் அவசரச் செய்திக்காகவும் ஸ்லாட்டுகளைக் கொஞ்சம் குறுக்கிச் சில ஸ்லாட்டுகளைக் காலியாக விடுங்கள், அவற்றில் நான்காம் படி விதிப்படி யாரும் முயலலாம். இந்தப் படிக்கு வந்தவர்கள் இடைவெளிக்குப் போட்ட ஜிட்டரை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது.

8. கடத்தும் செய்திகள்

ஒரு நோடு பேச, கேட்ட எல்லாரும் அதை மறுபடி ஒலிபரப்பினால் என்ன ஆகும் என்று 1999-இல் தைவான் ஆய்வாளர்கள் அளந்து, ‘பிராட்காஸ்ட் புயல்’ என்று பெயரிட்டார்கள். பக்கத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒரே செய்தி பத்து முறை, அதுவும் ஒரே நேரத்தில். கடத்தும் முன் ரேண்டமாகக் காத்திருக்க வையுங்கள். காத்திருக்கும்போது வேறு யாராவது அதே செய்தியைக் கடத்துவது கேட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். பார்த்த செய்திகளின் எண்களை நினைவில் வைத்து, அதே செய்தி இரண்டாம் முறை வந்தால் தள்ளுங்கள்.

சொந்தமாக நிரல் எழுத விரும்பாதவர்கள், லோரா பலகைகளுக்கான தயார் நிரலான மெஷ்டாஸ்டிக் ஏற்றிக்கொள்ளலாம். அது இதையெல்லாம் உள்ளேயே செய்கிறது: அனுப்பும் முன் கேட்கும், கடத்தும் முன் காத்திருக்கும். காத்திருப்பிலும் ஒரு நயம் வைத்திருக்கிறார்கள். மோசமான எஸ்என்ஆரில் கேட்ட நோடு பெரும்பாலும் தொலைவில் இருக்கும், அது கடத்தினால் புதிய இடங்களை எட்டும். எனவே அதற்கு முதல் வாய்ப்பு.

அதிலும் நீங்கள் கெடுக்கக்கூடிய இடங்கள் சில உண்டு. ஹாப் எண்ணிக்கை (ஒரு செய்தியை எத்தனை முறை கடத்தலாம் என்பது) 3 என்று வரும், காரணமில்லாமல் 7 ஆக்காதீர்கள். இயல்பு அமைப்பான லாங்ஃபாஸ்ட் எஸ்எஃப்11-இல் ஓடுவது. ஊருக்குள் நெருக்கமாக நோடுகள் இருந்தால் எல்லாரும் பேசிவைத்து எஸ்எஃப்9-இல் ஓடும் மீடியம்ஃபாஸ்டுக்கு மாறலாம். ஒருவர் மட்டும் மாறினால் மற்றவர்களோடு பேச முடியாது. ரவுட்டர் என்ற பாத்திரத்தை வீட்டு ஜன்னலில் இருக்கும் நோடுக்குக் கொடுக்காதீர்கள். அது மற்றவர்களை முந்திக்கொண்டு கடத்தும், பிறர் கடத்துவது கேட்டாலும் விடாது. உயரத்தில் இருப்பதற்கு மட்டுமே அந்த வேலை. செயலியில் சேனல் யூட்டிலைசேஷன் (சேனல் எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது) என்ற எண்ணை அடிக்கடி பாருங்கள். 25% தாண்டினால் நோடு தன் இருப்பிடத்தையும் டெலிமெட்ரியையும் (மின்கலம் போன்ற அளவீடுகள்) அனுப்புவதைத் தானே தள்ளிப்போடும். அந்த எண் அங்கேயே நின்றால் முதலில் டெலிமெட்ரி இடைவெளிகளை நீட்டுங்கள். ஆன்டெனாவைத் தொடுவது அதற்கப்புறம்.